மூட்டைக்குள் இருப்பது எந்த ஸெட்லிப்?

லினக்ஸில் ஒரு பெரிய மென்பொருளை டிஸ்ட்ரோவின் (டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வெளியீட்டின்) பேக்கேஜாக எடுக்காமல் அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவியிருந்தால், அதன் பைனரி (ஓடக்கூடிய கோப்பு) மேல், உள்ளே உள்ள எழுத்துச் சரங்களைக் காட்டும் 'ஸ்டிரிங்ஸ்' கட்டளையை ஓட்டி, வருவதை 'கிரெப்' வழியாக 'டிஃப்ளேட் 1.' என்று தேடிப் பாருங்கள். பல நேரம் இப்படி ஒரு வரி வந்து விழும்: 'டிஃப்ளேட் 1.2.11 காப்பிரைட் 1995-2017 ஜான்-லூ கையி அண்ட் மார்க் ஆட்லர்'. தரவைச் சுருக்கும் லைப்ரரியான ஸெட்லிப்பை எழுதிய இருவரும் தங்கள் பதிப்புரிமை வரியை நிரலுக்குள்ளேயே ஒரு சரமாக வைத்துவிட்டார்கள். யார் அந்த லைப்ரரியை எந்த மென்பொருளுக்குள் வைத்துக் கட்டினாலும் இந்த வரியும் கூடவே போகும்.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த 1.2.11. சுருக்கும்போது நினைவகத்தைச் சிதைக்கக்கூடிய சிவிஇ-2018-25032 (சிவிஇ என்பது பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரும் பொது எண்) என்ற பிழை, 2022 மார்ச்சில் வந்த 1.2.12 பதிப்பில்தான் சரிசெய்யப்பட்டது. உங்கள் கணினியின் ஸெட்லிப்பைப் பேக்கேஜ் மேனேஜர் எப்போதோ புதுப்பித்திருக்கும். இந்த பைனரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தன்னோடு கட்டிக்கொண்டு வந்த மூட்டையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் அது ஓடும்.

பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. டெபியன் போன்ற டிஸ்ட்ரோக்கள் பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, பிழைக்கான பேட்சை மட்டும் பின்னோக்கிக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். டெபியன் 11-ன் ஸெட்லிப் 1.2.11 என்றுதான் காட்டும். இந்தப் பிழை அதில் அடைக்கப்பட்டுவிட்டது. ஆனால் டிஸ்ட்ரோவின் லைப்ரரி என்றால் பாதுகாப்புப் பட்டியலைப் பார்த்து நிலையை உறுதிசெய்துகொள்ளலாம். மூட்டைக்குள் இருக்கும் நகலுக்கு அப்படிப் பார்க்க ஓர் இடம் கிடையாது, கட்டியவர் எழுதி வைத்திருந்தால் ஒழிய.

இப்படி லைப்ரரியின் நகலை மென்பொருளோடு மூட்டை கட்டலாமா (பண்டில் செய்யலாமா) கூடாதா என்று திறமூல உலகில் நெடுநாளாக வாக்குவாதம் நடக்கிறது. என் நிலை இதுதான்: நகல் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது எந்தப் பதிப்பு என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும், டிஸ்ட்ரோவுக்குப் பேக்கேஜ் கட்டுபவர் விரும்பினால் அதைக் கழற்றிவிட்டுக் கட்ட வழி இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் எனக்கு மறுப்பு இல்லை. இவை இல்லாத நகல்கள்தான் வருஷக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் ஓட்டையோடு ஓடிக்கொண்டிருக்கின்றன.

எங்கே ஒளிந்திருக்கிறது

கணினியின் லைப்ரரியைப் பயன்படுத்தும் பைனரியில் 'எனக்கு லிப்ஸெட்.எஸ்ஓ.1 வேண்டும்' என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். 'ரீட்எல்ஃப் -டி' கொடுத்தால் 'நீடட்' என்ற வரிகளில் அது தெரியும். நிரல் தொடங்கும்போது லோடர் அந்தப் பெயரைத் தேடி எடுத்துக் கொடுக்கிறது. ஒரே கோப்பு, எல்லா நிரலுக்கும் பொது. அதை ஒருமுறை மாற்றினால் எல்லோருக்கும் மாறும்.

மாறும் என்பதிலும் ஒரு விட்டுப்போகும் இடம் உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் பழைய கோப்பைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கோப்பு டிஸ்க்கிலிருந்து நீக்கப்பட்டாலும் நினைவகத்தில் இருக்கும். அந்த புராசஸின் 'மேப்ஸ்' கோப்பை ப்ராக் டைரக்டரியில் திறந்தால் லைப்ரரியின் பெயருக்குப் பக்கத்தில் 'டெலீட்டட்' என்று எழுதியிருக்கும். டெபியனில் 'நீட்ரீஸ்டார்ட்', ஃபெடோராவில் 'டிஎன்எஃப் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங்' இதைத் தேடிச் சொல்லும். சர்வரை அப்டேட் செய்துவிட்டுச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாமல் விடுவது, அப்டேட்டே செய்யாததற்குச் சமம்.

மூட்டை கட்டுவதில் பல வகை. சோர்ஸையே 'தேர்ட்_பார்ட்டி' மாதிரி ஒரு டைரக்டரியில் நகலெடுத்து வைத்துக் கூடவே கம்பைல் செய்வது ஒன்று. ஸ்டாட்டிக் லைப்ரரியாக லிங்க் செய்வது இன்னொன்று. இந்த இரண்டையும், பைனரிக்குத் தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் 'எல்டிடி' காட்டவே காட்டாது, ஸ்டிரிங்ஸ் மாதிரி குறுக்குவழிதான் உண்டு. மூன்றாவது, எஸ்ஓ கோப்பையே (தனியாக இருக்கும் லைப்ரரிக் கோப்பு) தன் டைரக்டரியில் கொண்டுவந்து, பைனரியில் ரன்பாத்தை (லைப்ரரியைத் தேடும் பாதை) '$ஆரிஜின்' (பைனரி இருக்கும் டைரக்டரி) என்று வைப்பது. இது எல்டிடியில் தெரியும். பாதை கணினியின் லிப் டைரக்டரிக்குப் பதிலாக மென்பொருளின் சொந்த டைரக்டரியைக் காட்டும்.

ரன்பாத் வைக்கச் சோம்பல்பட்டு, தொடக்க ஸ்கிரிப்டில் 'எல்டி_லைப்ரரி_பாத்' என்ற என்விரான்மென்ட் மாறியை வைத்து ஓட்டுபவர்களும் உண்டு. இதைச் செய்யாதீர்கள். அந்த மாறி பிள்ளை புராசஸ்களுக்கும் இறங்கும். உங்கள் மென்பொருளில் ஒரு சுட்டியை அழுத்தியதும் கணினியின் பிரவுசர் திறக்க வேண்டும் என்று வையுங்கள். பிரவுசர் உங்கள் மூட்டையில் உள்ள பழைய லைப்ரரியை எடுத்துக்கொண்டு, தேவையான சிம்பல் (ஃபங்ஷன் போன்றவற்றின் பெயர்) கிடைக்காமல் விழும். குற்றம் பிரவுசர் மேல் போகும். பைத்தான் நிரல்களை மூட்டை கட்டும் பைஇன்ஸ்டாலர் இதற்காகவே பழைய மதிப்பை 'எல்டி_லைப்ரரி_பாத்_ஆரிஜ்' என்ற பெயரில் எடுத்து வைக்கிறது. வெளி நிரலைக் கூப்பிடும் முன் அதைத் திரும்ப வைத்துவிட்டுக் கூப்பிட வேண்டும்.

2023 செப்டம்பர்

வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பியில் சிவிஇ-2023-4863 வெளியானபோது இரண்டு வழிகளும் எப்படி வேலை செய்கின்றன என்பது பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தது போல் தெரிந்தது. ஹஃப்மன் அட்டவணை கட்டும் இடத்தில் ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுதும் பிழை; திட்டமிட்டுச் செய்த ஒரு படத்தைத் திறந்தாலே போதும். 1.3.2 பதிப்பில் சரியானது.

பைத்தானில் படங்களைக் கையாளும் பில்லோவை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரோவின் பில்லோ பேக்கேஜ் கணினியின் லிப்வெப்பியோடு லிங்க் ஆகிறது. அதைப் பயன்படுத்தியவர்களுக்கு லிப்வெப்பி பேக்கேஜ் புதுப்பிக்கப்பட்டதும் வேலை முடிந்தது. பில்லோவைத் தொடவே தேவையில்லை. பைத்தானின் பேக்கேஜ் நிறுவியான பிப் வழியாக நிறுவியவர்களுக்குக் கதை வேறு. பிப் இறக்கும் வீலில் (முன்பே கட்டிய பேக்கேஜ் கோப்பில்), சைட்-பேக்கேஜஸுக்குள் 'பில்லோ.லிப்ஸ்' என்று ஒரு டைரக்டரி இருக்கும். ஆடிட்வீல் என்ற கருவி, தேவையான எஸ்ஓ கோப்புகளை ஹேஷ் சேர்த்த பெயரில் அங்கே கொண்டுவந்து வைக்கிறது. கணினியில் எத்தனை அப்டேட் ஓட்டினாலும் அந்த டைரக்டரி மாறாது. பில்லோ 10.0.1 வந்து, அதை ஒவ்வொரு விர்ச்சுவல் என்விரான்மென்டிலும் ஒவ்வொரு கண்டெய்னரிலும் நிறுவிய பிறகுதான் ஓட்டை அடைந்தது. 'பைத்தான்3 -எம் பிஐஎல்' என்று ஓட்டினால் உள்ளே இருக்கும் லைப்ரரிகளின் பதிப்பு எண்கள் வரும். பில்லோக்காரர்கள் இந்த வசதியை வைத்திருப்பது நல்ல வழக்கம். மூட்டை கட்டும் எல்லோரும் இப்படி ஒரு கட்டளை வைக்க வேண்டும்.

பிரவுசரையே உள்ளே வைத்து மென்பொருள் கட்ட உதவும் எலக்ட்ரானில் எழுதிய மென்பொருள்கள் இன்னும் ஒரு படி ஆழம். மென்பொருளுக்குள் எலக்ட்ரான், அதற்குள் குரோமியம், அதற்குள் லிப்வெப்பி. கடைசிப் படியில் மாற்றம் வந்து, அது மேலே ஒவ்வொரு படியாக ஏறிப் பயனரிடம் வர வேண்டும். நடுவில் ஒருவர் தூங்கினாலும் அதோடு நின்றுவிடும்.

2021 டிசம்பரில், ஜாவாவின் லாக் எழுதும் லைப்ரரியான லாக்4ஜேயில் பிழை வந்தபோதும் இதே பாடுதான். ஜாவாவில் எல்லாவற்றையும் ஒரே ஜாரில் (ஜாவாவின் பேக்கேஜ் கோப்பில்) அடைக்கும் வழக்கம் உண்டு. ஜாருக்குள் ஜார், அதற்குள்ளும் ஜார். கோப்பின் பெயரை வைத்துத் தேடியவர்கள் பாதியைத் தவறவிட்டார்கள். ஒவ்வொரு ஜாரையும் அடுக்கடுக்காகப் பிரித்து 'ஜெஎன்டிஐலுக்அப்.கிளாஸ்' என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பலன் தந்தது.

கட்டுபவர்கள் பக்க நியாயம்

மூட்டை கட்டுபவர்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்குவது அநியாயம். விண்டோஸில் ஸெட்லிப்பை எடுத்துக் கொடுக்க டிஸ்ட்ரோ என்று ஒன்று கிடையாது, எதையாவது கூடக் கொண்டுவந்தே ஆக வேண்டும். சில லைப்ரரிகள் கம்பைல் செய்யும்போது கொடுக்கும் விருப்பங்களைப் பொறுத்தே வேறு பொருளாகிவிடும். தரவுத்தள லைப்ரரியான எஸ்க்யூலைட் இதற்கு நல்ல உதாரணம். அதன் ஆசிரியர்களே முழு சோர்ஸையும் ஒரே சி கோப்பாகச் சேர்த்து, உங்கள் திட்டத்துக்குள் போட்டுக் கம்பைல் செய்துகொள்ளுங்கள் என்று தருகிறார்கள். முழு உரைத் தேடலுக்கான எஃப்டிஎஸ்5 உங்களுக்கு வேண்டும், கணினியில் இருப்பது அது இல்லாமல் கட்டப்பட்டது என்றால், பதிப்பு எண் பொருந்தினாலும் வேலை நடக்காது. கணினியின் எஸ்க்யூலைட்டை நம்புவதாக இருந்தால் 'பிராக்மா கம்பைல்_ஆப்ஷன்ஸ்' கேட்டு, வேண்டியது இல்லையென்றால் தொடக்கத்திலேயே தெளிவான பிழைச் செய்தியோடு நிறுத்துங்கள். பயனரின் தரவு பாதி எழுதிய பிறகு விழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

டிஸ்ட்ரோக்காரர்கள் கை வைத்ததால் வந்த கேடுகளும் உண்டு. டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2006-ல் போட்ட ஒரு பேட்ச், ரேண்டம் எண்களுக்கான மூலத்தையே ஏறக்குறைய அடைத்துவிட்டது. 2008 மே மாதம் வரை அதில் உருவான எஸ்எஸ்ஹெச் சாவிகள் எல்லாம் ஊகித்துவிடக்கூடிய சிறிய பட்டியலுக்குள் அடங்கின.

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அம்பலப்படுத்திய, எக்ஸ்ஸெட் என்ற சுருக்கும் மென்பொருளின் பின்கதவு இன்னும் யோசிக்க வைப்பது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் எக்ஸ்ஸெட்டின் லைப்ரரியான லிப்எல்ஸெட்எம்ஏவைப் பயன்படுத்துவதே இல்லை. சில டிஸ்ட்ரோக்கள், சர்வீஸ் தயார் என்று சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக, ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் சர்வரான எஸ்எஸ்ஹெச்டியை லிப்சிஸ்டம்டியோடு லிங்க் செய்யும் பேட்ச் போட்டிருந்தார்கள். லிப்சிஸ்டம்டி லிப்எல்ஸெட்எம்ஏவை இழுத்துக்கொண்டு வந்தது. எக்ஸ்ஸெட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புகுத்திய பின்கதவு அந்த வழியாக எஸ்எஸ்ஹெச்டிக்குள் நுழைந்தது. அந்தத் தயார்ச் செய்தி உண்மையில் என்ன? என்விரான்மென்டில் கொடுத்திருக்கும் ஒரு யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு 'ரெடி=1' என்று ஒரு சின்னத் தகவல் அனுப்புவது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8-ல் அதைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள், லிப்சிஸ்டம்டி தேவைப்படவில்லை. உள்ளே வைப்பதா வெளியிலிருந்து எடுப்பதா என்று அடித்துக்கொள்ளும் முன், அந்தச் சார்பே வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

அதே சம்பவத்தில் இன்னொன்று: பின்கதவை உயிர்ப்பிக்கும் எம்4 கோப்பு (கட்டும் ஸ்கிரிப்டின் ஒரு பகுதி) வெளியீட்டு டார்பாலில் மட்டும் இருந்தது, கிட் களஞ்சியத்தில் இல்லை. நகலெடுப்பவர்கள் கிட்டின் டேகிலிருந்து எடுங்கள், கமிட் ஹேஷைக் குறித்து வையுங்கள்.

ஒரே புராசஸில் இரண்டு நகல்

சிம்பல்கள் இடிப்பதுதான் கண்டுபிடிக்க மிகக் கடினமான கோளாறு. லினக்ஸில் ஒரு புராசஸுக்குள் ஏற்றப்படும் லைப்ரரிகளின் பொதுச் சிம்பல்கள் பெரும்பாலும் ஒரே பெயர்வெளியில் கிடக்கும். முதலில் வந்தவருக்கே பெயர் சொந்தம். ஒரு செருகுநிரல் தன் நகலில் உள்ள ஃபங்ஷனைக் கூப்பிடுவதாக நினைத்து, வேறு பதிப்பின் ஃபங்ஷனுக்குள் போய் விழும். ஸ்ட்ரக்சரின் அளவு ஒத்துப்போகாது. எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் செக்மென்டேஷன் ஃபால்ட் வரும்.

போஸ்ட்கிரெஸ் இணைப்புக்கான சைக்கோபிஜி2-ல் நடந்தது இந்த இனம். அதன் வீல் தனக்கென ஒரு லிப்எஸ்எஸ்எல்லைக் கொண்டுவந்தது. பைத்தானின் சொந்த எஸ்எஸ்எல் மாட்யூல் கணினியின் லிப்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்தியது. ஒரே நேரத்தில் பல த்ரெட்கள் இரண்டையும் தொட்டபோது புராசஸ் விழுந்தது. அதனால்தான் 2.8 முதல் பைனரி வீலைத் தனிப் பெயரில் பிரித்து, புரொடக்‌ஷனில் சோர்ஸிலிருந்து கட்டுங்கள் என்று ஆவணத்திலேயே சொல்கிறார்கள். நீங்கள் ஒரு லைப்ரரியை எழுதி அதற்குள் இன்னொன்றை ஸ்டாட்டிக்காக அடைப்பதாக இருந்தால், லிங்கருக்கு '--எக்ஸ்க்ளூட்-லிப்ஸ்,ஆல்' கொடுத்து உள்ளே இருப்பவற்றின் சிம்பல்கள் வெளியே தெரியாமல் மறையுங்கள். பிறகு 'என்எம் -டி' ஓட்டி, உங்கள் ஃபங்ஷன்கள் மட்டும்தான் வெளியே தெரிகின்றனவா என்று சரிபாருங்கள்.

சிலவற்றை மூட்டையில் வைக்கவே கூடாது. லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி முதலில். அடுத்து ஓப்பன்ஜிஎல் லைப்ரரி. அது அந்தக் கணினியின் கிராஃபிக்ஸ் டிரைவரோடு ஒட்டியது. சி++ ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் எஸ்ஓ கோப்பும் ஆபத்துதான். மூட்டையில் இருக்கும் பழைய கோப்பு முதலில் ஏறிவிட்டால், பின்னால் வரும் டிரைவர் அதே பெயரைக் கேட்கும்போது லோடர் புதியதைத் தேடாது, ஏறியதையே கொடுக்கும். டிரைவருக்கு வேண்டிய 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4' வரிசையின் புதிய பதிப்பு அதில் இருக்காது. திரை கறுப்பாக நிற்கும், அல்லது எல்லாம் பிராசஸரில் வரையப்பட்டு நத்தை மாதிரி ஊரும். பயனராக இந்தச் சிக்கலில் மாட்டினால், மூட்டையில் உள்ள அந்தக் கோப்பின் பெயரை மாற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். கட்டுபவராக இருந்தால் '-ஸ்டாட்டிக்-லிப்எஸ்டிடிசி++' கொடுங்கள், அல்லது ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய டிஸ்ட்ரோவில் கட்டுங்கள். எதையெல்லாம் உள்ளே வைக்கக் கூடாது என்று, மென்பொருளை ஒரே கோப்பாக மூட்டை கட்டும் ஆப்இமேஜ்காரர்கள் ஒரு பட்டியலே பராமரிக்கிறார்கள், அதை எடுத்துக்கொள்ளலாம்.

நிரல் மட்டுமில்லை, தரவும் இப்படித்தான். நிறுவனத்தின் உள் சான்றிதழை 'அப்டேட்-சிஏ-சர்டிஃபிகேட்ஸ்' மூலம் கணினியில் சேர்த்த பிறகும், பிப் வழி நிறுவிய, இணையத்தளங்களைத் தொடர்புகொள்ளும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி 'சான்றிதழ் சரியில்லை' என்று மறுக்கும். காரணம், அது செர்டிஃபை என்ற பேக்கேஜில் வரும் பட்டியலைத்தான் படிக்கிறது. 'ரிக்வெஸ்ட்ஸ்_சிஏ_பண்டில்' மாறியில் கணினியின் பட்டியலைச் சுட்டினால் தீரும். எஸ்எஸ்எல் சரிபார்ப்பையே அணைப்பது தீர்வாகாது. நேர மண்டலத் தரவும் அவ்வாறே. ஒரு நாடு கோடைநேரத்தை மாற்றினால் டிஸ்ட்ரோவின் டிஸெட்டேட்டா பேக்கேஜ் உடனே மாறும், மூட்டைக்குள் இருப்பது ஒரு மணி நேரம் பிசகி நிற்கும்.

கழற்றக்கூடியபடி கட்டுவது

மென்பொருள் கட்டும் கருவியான மெசானில் இது எளிது. சார்பைக் கேட்கும் இடத்தில் ஃபால்பேக்கும் கொடுத்தால், கணினியில் முதலில் தேடும், கிடைக்காவிட்டால்தான் உள்ளே இருப்பதைக் கட்டும். டிஸ்ட்ரோக்காரர் '--வ்ராப்-மோட்=நோஃபால்பேக்' கொடுத்து உள்நகலை முற்றாக மறுக்கலாம். அதுபோன்ற கருவியான சிமேக்கில் 3.24 முதல் ஃபெட்ச்கண்டென்ட் அறிவிப்பில் 'ஃபைண்ட்_பேக்கேஜ்_ஆர்க்ஸ்' சேர்த்தால் இதே வரிசை கிடைக்கும். ரஸ்டில் ஓப்பன்எஸ்எஸ்எல்-சிஸ் கிரேட்டின் (கிரேட் என்பது ரஸ்டின் பேக்கேஜ்) 'வெண்டர்ட்' அம்சத்தை, உங்கள் கிரேட்டில் இயல்பாக இயக்கி வைக்காதீர்கள். அப்படி வைத்தவர்கள் இருப்பதால்தான் பேக்கேஜ் கட்டுபவர்கள் 'ஓப்பன்எஸ்எஸ்எல்_நோ_வெண்டர்' என்ற மாறியை வைத்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

நகலில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். மாற்றம் வேண்டுமென்றால் தனி பேட்ச் கோப்பாகப் பக்கத்தில் வையுங்கள், மூலத் திட்டத்துக்கும் அனுப்புங்கள். சத்தமில்லாமல் ஒரு ஃபங்ஷனைச் சேர்த்துவிட்டால், அன்றோடு அது அதே பெயர் கொண்ட வேறொரு லைப்ரரி. அதைக் கழற்ற யாராலும் முடியாது, புதுப்பிக்க உங்களாலும் முடியாது.

பேக்கேஜ் கட்டுபவர்கள் சுவிட்சை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கட்டும் முன்பே உள்நகல் டைரக்டரியை அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால் ஹெடர் உள்நகலிலிருந்தும் லைப்ரரி கணினியிலிருந்தும் எடுக்கப்படும் அபாயம் உண்டு. ஸெட்லிப் இதை ஓரளவு பிடிக்கும்: 'டிஃப்ளேட்இனிட்' கூப்பிடும்போது ஸ்ட்ரக்சரின் அளவையும் பதிப்பின் முதல் எழுத்தையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் பிழை தரும். பல லைப்ரரிகளில் அந்தக் காவல் இல்லை. டெபியனில் காப்பிரைட் கோப்பின் 'ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடட்' புலத்தில் குறித்தால் யூஸ்கேன் கருவி டார்பாலையே அது இல்லாமல் மறுபடி கட்டித் தரும். உள்நகல் தவிர்க்கவே முடியாது என்றால், ஃபெடோராவின் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: பேக்கேஜ் கட்டுவதற்கான ஸ்பெக் கோப்பில் 'ப்ரொவைட்ஸ்: பண்டில்டு(ஸெட்லிப்) = 1.2.11' என்று ஒரு வரி. நாளை ஓட்டை வெளியானால் 'டிஎன்எஃப் ரெப்போகுவெரி' மூலம் 'பண்டில்டு(ஸெட்லிப்)' யாரிடம் இருக்கிறது என்று கேட்டதும் பட்டியல் வந்துவிடும்.

கோ மொழியில் எல்லாமே உள்ளே அடைபடும், ஆனால் விலாசம் இருக்கும். 'கோ வெர்ஷன் -எம்' என்று பைனரியைக் கொடுத்தால் உள்ளே உள்ள ஒவ்வொரு மாட்யூலும் பதிப்போடு வரும். ரஸ்டில் அதே பலனுக்குக் கார்கோ-ஆடிட்டபிள் மூலம் கட்டி, கார்கோ ஆடிட்டை பைனரி மேல் ஓட்டலாம். சி, சி++ திட்டங்களுக்கு இப்படி இயல்பாக எதுவும் வராது. உள்நகல் டைரக்டரியில் பெயர், பதிப்பு, கமிட் ஹேஷ், உரிமம், பேட்ச் பட்டியல் கொண்ட ஒரு சின்னக் கோப்பை நீங்களேதான் வைக்க வேண்டும்.

சுவிட்ச் வைத்தால் மட்டும் போதாது, யாரும் ஓட்டிப் பார்க்காத சுவிட்ச் சில மாதங்களில் உடைந்துவிடும். சிஐயில் (மாற்றங்களைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் அமைப்பில்) இரண்டு வேலைகள் வையுங்கள். ஒன்று ஃபால்பேக்கைக் கட்டாயமாக்கிக் கட்டுவது, மெசானில் '--வ்ராப்-மோட்=ஃபோர்ஸ்ஃபால்பேக்'. மற்றொன்று நெட்வொர்க்கைத் துண்டித்த கண்டெய்னரில், உள்நகல் டைரக்டரியை அழித்துவிட்டு, கணினியின் பேக்கேஜ்களை வைத்துக் கட்டுவது. இரண்டிலும் டெஸ்ட் முழுவதையும் ஓட்டுங்கள். இரண்டாவது வேலையின் கடைசிப் படியாக, உருவான பைனரி மேல் ரீட்எல்ஃப் ஓட்டி, நீடட் வரிகளில் லிப்ஸெட்.எஸ்ஓ.1 இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சிஐயைத் தோற்கடியுங்கள்.